கைகளைக் கட்டிவைத்த பள்ளிகள்

‘ஊமை கண்ட கனவு போல’ என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. கண்டதை எடுத்துச் சொல்ல வழியற்றவனின் தவிப்பைக் குறிக்க அதைப் பயன்படுத்துகிறோம். வாயால் பேசாதவனுக்குத் தன் கனவைச் சொல்ல மொழி கிடையாது என்ற அனுமானத்தின் மீதுதான் அந்த உவமை நிற்கிறது. காது கேளாத இருவர் ரயில் நிலையத்தில் எதிரெதிர் நடைமேடைகளில் நின்றபடி, நடுவே இரைந்து செல்லும் வண்டியைப் பொருட்படுத்தாமல் கைகளால் பேசிக்கொண்டிருப்பதை நாம் அனைவரும் என்றேனும் கண்டிருப்போம். வண்டி வந்ததும் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டியவர்கள் காது கேட்கும் நாம்தான். அதைக் கண்ட பிறகும் பழமொழியை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

முத்திரை குத்துதல், முன்முடிவு, விழுமியத் திணிப்பு ஆகிய சொற்கள் இலக்கிய விவாதங்களில் அடிக்கடி புழங்குகின்றன. பெரும்பாலும் சாதி, மதம், வட்டாரம், அரசியல் தரப்பு ஆகியவற்றை ஒட்டியே அவற்றைப் பேசுகிறோம். அங்கெல்லாம் இரு பக்கத்தாரும் ஒருவர் மீது மற்றவர் அதே குற்றத்தைச் சுமத்த முடியும் என்பதால் விவாதம் விரைவில் கூச்சலாகிவிடுகிறது. முன்முடிவும் விழுமியமும் சேர்ந்து உரையாடலையும் கல்வியையும் எப்படி அழிக்கும் என்பதை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டும் வேறொரு வரலாறு இருக்கிறது. காது கேளாதோருக்கான கல்வியின் வரலாறு அது. நம் மொழியார்வலர்கள் அதிகம் கவனித்திராத ஒன்று என்பதால் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

தமிழில் ‘கேள்வி’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள்கள் உண்டு. செவியால் கேட்பது, வினவுவது, கற்றறிவது. கேள்வி ஞானம் என்கிறோம். குறளில் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்து கேள்விக்குத் தனி அதிகாரமே இருக்கிறது. ஓலைச்சுவடி சிலரிடம் மட்டுமே இருந்த காலத்தில் அறிவு செவி வழியாகவே பரவியது; ஆகவே இதில் வியப்பில்லை. கிரேக்கத்திலும் அறிவு வளர்ச்சிக்குச் செவியே மிகுதியாக உதவுகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். ஆனால் பின்வந்தவர்கள் அதை நீட்டிக்கொண்டு போய், செவி இல்லாதவனுக்குப் பேச்சில்லை, பேச்சில்லாதவனுக்குச் சிந்தனை இல்லை, ஆகவே அவனுக்குக் கற்பிக்க இயலாது என்ற முடிவில் நிறுத்தினார்கள். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இதுவே பொதுப்புத்தி. ஒரு கவனிப்பு மெல்ல முத்திரையாக உறைந்து போவதற்கு இது நல்ல உதாரணம்.

அந்த முத்திரையைப் பாரிஸில் ஒரு பாதிரியார் உடைத்தார். அபே த லெப்பே என்பவர் 1760-ஐ ஒட்டி, காது கேளாத இரட்டைச் சகோதரிகள் இருவரைச் சந்தித்து அவர்களுக்குக் கற்பிக்க முன்வந்தார். சமயக் கல்வி இல்லாவிட்டால் அவர்கள் ஆன்மா மீட்படையாதே என்ற கவலையே அவரைத் தூண்டியது. அதாவது அவரும் ஒரு விழுமியத்தைக் கொடுக்க வந்தவர்தான். ஆனால் அவர் செய்த ஒரு காரியம் மற்றவர்கள் செய்யாதது. பாரிஸின் காது கேளாதோர் தமக்குள் கைகளால் பேசிக்கொள்வதைக் கவனித்து, முதலில் அதைத் தாம் கற்கத் தொடங்கினார். ஆசிரியர் மாணவரிடம் மாணவரானார். அவருடைய பள்ளியிலிருந்து தேறியவர்கள் பிற பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகச் சென்றார்கள். அம்மரபில் வந்த லோரான் க்ளேர் என்ற காது கேளாத ஆசிரியர்தான் தாமஸ் காலடெட்டுடன் அமெரிக்கா சென்று, 1817-இல் ஹார்ட்ஃபோர்டில் அங்கே முதல் நிலையான கேளாதோர் பள்ளியைத் தொடங்கினார்.

லெப்பேயிடமும் ஒரு குறை இருந்தது. மாணவர்களின் கைமொழியில் இலக்கணம் இல்லை என்று அவர் எண்ணினார். ஆகவே பிரெஞ்சு மொழியின் பால், காலம், விகுதி ஒவ்வொன்றுக்கும் தனிச் சைகை செய்து அதில் ஒட்டினார். தமிழை வடமொழி இலக்கணச் சட்டகத்தில் ஏற்றிப் பார்த்த வீரசோழியத்தை அறிந்த நம்மவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பிள்ளைகள் பிரெஞ்சு வாக்கியங்களைச் சரியாக எழுதினார்கள். பொருள் புரிந்து எழுதினார்களா என்று பின்வந்த ஆசிரியர்கள் ஐயப்பட்டார்கள். வகுப்புக்கு வெளியே அவர்கள் தங்களுடைய பழைய மொழியில்தான் பேசிக்கொண்டார்கள்.

இக்கட்டத்தில்தான், 1779-இல், பியர் டெலோஜ் என்பவர் ஒரு சிறுநூலை வெளியிட்டார். புத்தகம் கட்டும் தொழிலாளி. ஏழு வயதில் அம்மை கண்டு செவித்திறனை இழந்தவர். இளைஞரான பிறகு, எழுதப் படிக்கத் தெரியாத, காது கேளாத இத்தாலியர் ஒருவரிடம் கைமொழியைக் கற்றுக்கொண்டவர். சைகையால் கற்பிக்க இயலாது என்று வாதிட்ட ஒரு பாதிரியாருக்கு மறுப்பாகவே அவர் எழுதினார். பாரிஸின் காது கேளாதோர் உலகில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் தம் மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்பதே அவருடைய சாட்சியம். காது கேளாத ஒருவர் எழுதி அச்சான முதல் நூல்களில் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். இத்தனை தெளிவாக ஒருவர் எழுதி வைத்த பிறகும், கற்றவர்கள் அவ்வுண்மையை ஒப்புக்கொள்ள ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

அந்த இருநூறு ஆண்டுகளின் நடுவே மிலான் இருக்கிறது. 1880 செப்டம்பரில் அந்நகரில் கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு ஒன்று கூடியது. வந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும். வாக்களித்தவர்களில் காது கேளாதவராக நாம் அறிவது வாஷிங்டனிலிருந்து வந்த ஜேம்ஸ் டெனிசன் என்ற ஆசிரியர் ஒருவரைத்தான். மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஜூலியோ தாரா ஒரு பாதிரியார். பேச்சு ஆன்மாவை உயர்த்துகிறது, சைகை புலன்களையும் கற்பனையையும் கிளறிவிடுகிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். பிரதிநிதிகள் முன்னிலையில் இத்தாலியப் பள்ளிப் பிள்ளைகள் நிறுத்தப்பட்டு வாயால் பதில் சொன்னார்கள். அவர்கள் முன்கூட்டியே பழக்கப்பட்டவர்கள் என்று எதிர்த்தரப்பு ஐயம் தெரிவித்தது. பயனில்லை. சைகையைவிடப் பேச்சு மறுக்கமுடியாதபடி மேலானது என்ற தீர்மானத்தை 160 பேர் ஆதரித்தார்கள், 4 பேர் எதிர்த்தார்கள். சைகையையும் பேச்சையும் சேர்த்துப் பயன்படுத்துவதுகூடத் தீங்கு, வாய்மொழி மட்டுமே வேண்டும் என்று அடுத்த தீர்மானம் சொன்னது.

இவர்கள் கொடியவர்கள் அல்லர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். காது கேளாப் பிள்ளைகளை வெறுத்திருந்தால் அவர்களுக்காக மாநாடு கூட்டியிருக்க மாட்டார்கள். அவர்கள் கையில் இருந்தவை அக்காலத்தின் உயர்ந்த விழுமியங்கள். இத்தாலியும் ஜெர்மனியும் அப்போதுதான் ஒற்றை நாடுகளாகியிருந்தன. ஒரு தேசத்துக்கு ஒரு மொழி என்பது புதிய வேதமாக இருந்தது. பரிணாமக் கொள்கையை அரைகுறையாகப் புரிந்துகொண்ட பலர் கையசைவைக் குரங்குக்கும் காட்டுவாசிக்கும் உரிய பழைய படிநிலை என்று கருதினார்கள். பேச்சே மனிதனின் அடையாளம், ஆகவே பிள்ளையைப் பேச வைப்பதே அவனை மனிதனாக்குவது என்று அவர்கள் உளமார நம்பினார்கள். ஒரு விழுமியம் உயர்ந்ததாக இருக்கும்போதுதான் அதைத் திணிக்கிறோம் என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது.

அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் வாழ்க்கை இதற்கு இன்னும் துயரமான உதாரணம். அவருடைய தாயாருக்குச் செவித்திறன் குறைவு. மனைவி மேபல் ஐந்து வயதில் நோயுற்றுக் கேட்கும் திறனை இழந்தவர். பெல் தம்மைக் கேளாதோரின் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கொண்டவர். அவர்தான் 1883-இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் முன் ஒரு நீண்ட கட்டுரை வாசித்தார். காது கேளாதோர் தமக்குள்ளேயே மணந்துகொண்டால் மனித குலத்தில் கேளாத ஓர் இனமே உருவாகிவிடும் என்பது அவருடைய அச்சம். அதைத் தடுக்க அவர் பரிந்துரைத்தவை: அவர்களை ஒன்றுசேர்க்கும் உறைவிடப் பள்ளிகளைத் தவிர்ப்பது, கைமொழியை விலக்குவது, காது கேளாத ஆசிரியர்களை வைத்துக்கொள்ளாதிருப்பது. அன்னையையும் மனைவியையும் நேசித்த ஒருவர், அவர்களைப் போன்றவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதையே ஆபத்தாகக் கண்டார்.

வகுப்பறையில் இது என்னவாக மாறியது? கைமொழி தண்டனைக்குரிய குற்றமானது. பிள்ளைகள் கைகளைக் கட்டிக்கொண்டோ, கைகளின் மேலேயே உட்கார்ந்தோ பாடம் கேட்டார்கள். ‘கேட்டார்கள்’ என்று எழுதும்போதே சொல்லின் அபத்தம் தெரிகிறது. கையசைத்தால் பிரம்படி. முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் அமெரிக்காவில் ஏறத்தாழ 80 விழுக்காடு கேளாப் பிள்ளைகள் சைகை இல்லாத வகுப்புகளில் படித்துக்கொண்டிருந்தார்கள். காது கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். தங்களைப் போன்ற ஒரு பெரியவரை வகுப்பறையில் காணாமலே தலைமுறைகள் வளர்ந்தன.

உதட்டைப் படித்துப் பேச்சைப் புரிந்துகொள்வது எத்தகைய வேலை என்பதை அறிய வேறெங்கும் போக வேண்டாம். கண்ணாடி முன் நின்று ஒலியெழுப்பாமல் ‘பாலை’ என்றும் ‘மாலை’ என்றும் சொல்லிப் பாருங்கள். உதடுகள் ஒரே விதமாகத்தான் மூடித் திறக்கின்றன. ‘பாடம்’, ‘மாடம்’ அப்படியே. வால், வாள், வாழ் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு நாவின் நுனியில் நடப்பது, வெளியே தெரியாது. ‘பணம்’ என்றாரா ‘மனம்’ என்றாரா என்பதை உதட்டிலிருந்து பிரித்தறிய முடியாது. மொழி ஏற்கெனவே தெரிந்தவர் சூழலை வைத்து ஊகித்துக்கொள்வார். மொழியையே இனிமேல்தான் கற்க வேண்டிய ஐந்து வயதுப் பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்? ஒரு சொல்லைச் சரியாக உச்சரிக்க வைப்பதற்கு ஆசிரியரின் தொண்டையில் கையை வைத்து அதிர்வை உணரச் செய்து, முகத்தெதிரே காகிதத்தைப் பிடித்து மூச்சின் விசையைக் காட்டி, வாரக்கணக்கில் உழைப்பார்கள். அந்த வாரங்களில் வரலாறு இல்லை, கணக்கு இல்லை, கதை இல்லை.

இங்கிலாந்தில் ஆர். கான்ராட் என்ற உளவியலாளர் பள்ளியை விட்டு வெளியேறும் கேளாப் பிள்ளைகளை ஆராய்ந்து 1979-இல் ஒரு நூலை வெளியிட்டார். 15, 16 வயதில் அவர்களுடைய வாசிப்புத் திறனின் இடைநிலை, ஒன்பது வயதுக் குழந்தைக்கு உரிய அளவில் இருந்தது. இத்தனைக்கும் அவர்கள் அறிவுத்திறனில் குறைந்தவர்கள் அல்லர். மிலானுக்குப் பிறகு ஒரு நூற்றாண்டு நடந்த முயற்சியின் விளைச்சல் அது. இதில் கொடுமை என்னவென்றால், கேளாதவர்களுக்குக் கல்வி ஏறாது என்ற பழைய முத்திரைக்கு அந்த எண்ணையே சான்றாகக் காட்ட முடியும் என்பதுதான். முத்திரை தனக்கு வேண்டிய ஆதாரத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

குறை காதில் இருந்ததா, சுற்றியிருந்தவர்களின் ஏற்பாட்டில் இருந்ததா என்று கேட்பவர்களுக்கு ஒரு தீவைக் காட்டலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ளது மார்த்தாஸ் வினியார்ட். மரபுவழிக் காரணத்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே 155 பேருக்கு ஒருவர் காது கேளாதவராகப் பிறந்தார். சில்மார்க் என்ற ஊரில் 25 பேருக்கு ஒருவர். மானுடவியலாளர் நோரா எலன் க்ரோஸ் அத்தீவின் முதியவர்களைச் சந்தித்து 1985-இல் நூலாக்கினார். காது கேட்கும் மீனவர்களும் குடியானவர்களும் சிறு வயதிலேயே கைமொழியைக் கற்றிருந்தார்கள். கடலில் படகுக்குப் படகு கையால் பேசினார்கள். ஊர்க்கூட்டம், கடை, திருமணம் எதிலும் கேளாதவர் தனித்து நிறுத்தப்படவில்லை. இறந்துபோன அண்டை வீட்டாரைப் பற்றிக் கேட்டபோது, அவருக்குக் காது கேட்காது என்பதே முதியவர்களுக்கு உடனே நினைவில் எழவில்லையாம். மீன்பிடிப்பில் வல்லவர் என்பதுபோன்ற செய்திகள்தாம் முதலில் வந்தன. அந்த வழியில் வந்த கடைசிக் கேளாதவர் 1952-இல் காலமானார்.

இலக்கிய வாசகர்களுக்கு இவ்வரலாற்றில் மிகவும் சுவையான பாத்திரம் வில்லியம் ஸ்டோக்கி. இவர் பழைய ஆங்கில இலக்கியம் படித்தவர். வாஷிங்டனில் கேளாதோருக்கான காலடெட் கல்லூரிக்கு 1955-இல் ஆங்கிலத் துறைக்குத் தலைவராக வந்தபோது சைகை பற்றி ஏதும் அறியாதவர். அறியாமையே அவருக்கு வாய்ப்பாயிற்று என்று சொல்லலாம். மாணவர்கள் கைகளால் செய்வதை அவர் ஒரு மொழியைக் கேட்பதுபோல் பார்த்தார். ‘கல்’, ‘பல்’ என்ற சொற்கள் ஓர் ஒலியால் வேறுபடுவதைப் போலவே சைகைகளும் கையின் வடிவம், கை நிற்கும் இடம், அசைவு ஆகிய கூறுகளில் ஒன்றால் வேறுபடுவதைக் கண்டார். அமெரிக்கச் சைகை மொழியில் கோடை, அவலட்சணம், வறட்சி ஆகிய மூன்று சொற்களுக்கும் ஒரே கை, ஒரே அசைவு. முதலாவது நெற்றியில், இரண்டாவது மூக்கருகில், மூன்றாவது மோவாயில். 1960-இல் இதை எழுதி வெளியிட்டார். 1965-இல் கார்ல் க்ரோனெபெர்க், டோரதி காஸ்டர்லைன் என்ற காது கேளாத சகாக்கள் இருவருடன் சேர்ந்து அகராதியாக்கினார்.

சொந்தக் கல்லூரியிலேயே அவரை எள்ளி நகையாடினார்கள். காது கேட்கும் பேராசிரியர்கள் மட்டுமல்ல. கேளாதோரில் பலரும் எதிர்த்தார்கள். நாங்கள் கையால் செய்வதெல்லாம் ஒரு மொழியா, உடைந்த ஆங்கிலமல்லவா என்று அவர்களே நம்பியிருந்தார்கள். என் பார்வையில் இந்த முழு வரலாற்றின் ஆழமான காயம் இதுதான். நம் சூழலிலும் தங்கள் வட்டார வழக்கைக் ‘கொச்சை’ என்று தாங்களே சொல்லிக் கூசுகிறவர்களைக் காணாதவர் யார்? வெளியிலிருந்து வைக்கப்பட்ட முத்திரையைத் துடைப்பது எளிது. உள்ளிருந்து ஏற்றுக்கொள்ளப்பட்டதைத் தொட்டால் அவர்களுக்கே வலிக்கிறது.

ஏற்கெனவே ஒரு மொழி இல்லாத இடத்தில் பிள்ளைகளே அதைப் படைத்துக்கொள்ளவும் கூடும் என்பதை நிகராகுவா காட்டியது. 1970களின் இறுதியில் மனாகுவாவில் கேளாப் பிள்ளைகள் முதல்முறையாகப் பெருமளவில் ஒரே பள்ளியில் சேர்க்கப்பட்டார்கள். ஆசிரியர்கள் ஸ்பானிய உதட்டசைவைக் கற்பிக்க முயன்று தோற்றார்கள். விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் பிள்ளைகளின் வீட்டுச் சைகைகள் கலந்து, சில ஆண்டுகளில் இலக்கணமுள்ள புதிய மொழியாயின. ஆசிரியர்களுக்கு அது விளங்கவில்லை. 1986-இல் மொழியியலாளர் ஜூடி கெகல் வரவழைக்கப்பட்ட பிறகே அது மொழி என்று உலகுக்குத் தெரிந்தது. வகுப்பறையில் எதுவும் கற்கவில்லை என்று கருதப்பட்ட பிள்ளைகள், வகுப்புக்கு வெளியே மொழியறிவியலுக்கே பாடம் வைத்திருந்தார்கள்.

2010-இல் வான்கூவரில் கூடிய மாநாடு மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டுகள்.

நம் நாட்டுக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைந்தவர்கள் சுமார் 50 லட்சம் பேர். பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையாரின் பெயர் தாங்கிய பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கப்பட்டது, பழமைக்குக் குறைவில்லை. ஆனால் இந்தியாவின் கைமொழியைப் பற்றிய ஆய்வு 1970களில்தான் தொடங்கியது. அதில் முன்னின்றவர்களில் ஒருவரான மதன் வசிஷ்டா, பதினொரு வயதில் கேட்கும் திறனை இழந்து, பின்னர் காலடெட்டுக்குச் சென்று படித்தவர். இந்தியச் சைகை மொழிக்கான அரசு ஆய்வு மையம் 2015-இல்தான் அமைந்தது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை அம்மொழியை நாடெங்கும் தரப்படுத்த வேண்டும் என்கிறது. தரப்படுத்துதல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சற்று அச்சம்தான். திருநெல்வேலிப் பிள்ளையின் கையசைவை தில்லியின் கையசைவு பிழை என்று திருத்தத் தொடங்கினால், லெப்பேயின் தவறைப் புதிய சீருடையில் செய்கிறவர்களாவோம்.

நம் திரைப்படங்களில் ஊமைப் பாத்திரம் என்றால் ஒன்று இரக்கத்துக்கு, அல்லது சிரிப்புக்கு. 2007-இல் வந்த ‘மொழி’ ஒரு விதிவிலக்கு. அதன் நாயகிக்குக் கோபமும் குத்தலும் தன்மானமும் இருந்தன.

இன்று விவாதம் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவி வந்துவிட்டது. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்த அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. இது பெரும் கொடை என்பதில் எனக்கு ஐயமில்லை. கருவி பொருத்துவதே தம் இனத்தை அழிக்கும் சதி என்று மேலைநாட்டுக் கேளாதோர் இயக்கத்தில் சிலர் பேசியதுண்டு. காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த குழந்தையின் மீது தம் விழுமியத்தைச் சுமத்துகிறார்கள் என்றுதான் அதையும் சொல்வேன். ஆனால் கருவி பொருத்திய குழந்தையிடம் கையசைத்துப் பேசாதீர்கள், பேச்சு வராமல் போய்விடும் என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சைகை பேச்சைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. மொழி வேரூன்றும் முதல் ஐந்து ஆண்டுகளில் எந்த மொழியும் முழுமையாகக் கிடைக்காமல் போனால், பிற்காலத்தில் அதை ஈடுசெய்வது மிகக் கடினம் என்பதற்குச் சான்றுகள் உண்டு. கருவி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. கருவி எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பயன்படும் என்று தெரியவரும்வரை அந்தப் பிள்ளை எந்த மொழியில் காத்திருப்பது?

காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். ஆகவே முதல் வகுப்பறை வீடு. முதல் மாணவர்கள் தாயும் தந்தையும்தான். பசிக்கிறது, வா, போ, உறங்கு என்ற நான்கைந்து சைகைகளோடு பல வீடுகளில் மொழி நின்றுவிடுகிறது. பிள்ளை பள்ளி விடுதிக்குப் போய் மூத்த பிள்ளைகளிடம் பேசக் கற்றுக்கொண்டு விடுமுறைக்குத் திரும்பும்போது, வீட்டில் அதனோடு பேச ஆளிருப்பதில்லை. ஆய்வு மையம் வெளியிட்ட அகராதியில் 2021-இல் 10,000 சொற்கள் இருந்தன. காணொளிகளாகவே இருக்கின்றன, கட்டணம் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள் என்று வைத்துக்கொண்டாலும், குழந்தை பள்ளி செல்லும் வயதை எட்டுவதற்குள் ஒரு குடும்பம் அதில் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம்.